பரவும் மெலனோமாவில் புரதம் அறுக்கும் நொதிகள்: மரபணு கெட்டிருக்கிறதா, தூண்டப்படுகிறதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணனின் முதுகிலிருந்து அகற்றப்பட்ட மெலனோமா என்ற தோல் புற்றுநோய், நிணநீர்க் கணு ஒன்றுக்குப் பரவியிருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. பரவும் தோல் புற்றுநோயில் புரதத்தைச் செரிக்கும் நொதிகளின் மரபணுக்கள் ‘தூண்டப்படுகின்றன’ என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அப்படியானால் அந்த மரபணுக்கள் கெட்டுவிட்டனவா, அந்த நொதியை ஒரு மருந்தால் தடுத்துப் பரவலை நிறுத்த முடியாதா, அத்தகைய நொதிகளுள் ஒன்றான எம்.எம்.பி-1இன் மரபணுவை இரத்தத்தில் சோதித்துப் பார்ப்பதால் பயன் உண்டா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது: பழுது நொதியில் இருக்கிறதா, அல்லது அந்த நொதியை எப்போது, எங்கே, எவ்வளவு உண்டாக்குவது என்று தீர்மானிக்கும் ஏற்பாட்டில் இருக்கிறதா?

சுருக்கமான விடை, பெரும்பாலும் இரண்டாவது. விரிவான விடைக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவன் அல்லன். மெலனோமா செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவை வெளியிடும் நொதிகளை அளப்பதில் பல ஆண்டுகளைக் கழித்தவன். ஆகவே செல்லுக்குள் நடப்பதைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேசுவேன். உங்கள் அண்ணனுக்கு எந்தச் சிகிச்சை ஏற்றது என்பதை அவரைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடம்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

மெலனோமா தோன்றுவது நிறமியை உண்டாக்கும் மெலனோசைட் செல்களில். இவை மேல்தோலின் அடிவரிசையில் அமர்ந்திருக்கின்றன. அந்த வரிசைக்குக் கீழே அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய விரிப்பு உண்டு. நான்காம் வகைக் கொலாஜன், லாமினின் என்ற இரு புரதங்களும் பின்னிய இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இதற்குக் கீழே முதலாம் வகைக் கொலாஜன் நார்கள் அடர்ந்த உட்தோல், அதனுள் இரத்த நாளங்கள், நிணநீர் நாளங்கள். புற்றுச் செல்கள் இந்தச் சவ்வைத் தாண்டாதவரை அந்த மெலனோமாவை அறுவையால் முழுமையாக அகற்றிவிட முடியும். தாண்டிவிட்டால் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே முதற்கேள்வி. அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் முன்வைத்த ஆழ அளவு இன்றும் நோய்க்கூறு அறிக்கையின் முதன்மையான எண்ணாக இருப்பதற்குக் காரணம் இதுதான்: 1 மில்லிமீட்டர் வரை மெல்லியது, 4 மில்லிமீட்டருக்கு மேல் மிகத் தடித்தது. நுண்ணோக்கியின் அளவுகோலால் அளக்கும் இந்த எண், ஒரு வகையில், சவ்வையும் கொலாஜனையும் அறுத்துக்கொண்டு அந்தச் செல்கள் எவ்வளவு தொலைவு போயிருக்கின்றன என்பதன் பதிவும்தான்.

அறுக்கும் வேலையைச் செய்பவற்றுள் அதிகம் ஆராயப்பட்டவை மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்கள், சுருக்கமாக எம்.எம்.பி. மனிதரிடம் இவற்றில் இருபத்து மூன்று வகைகள் உண்டு. எல்லாவற்றின் வினைமையத்திலும் ஒரு துத்தநாக அயனி இருக்கும். இவற்றை முதலில் கண்டுபிடித்தது புற்றுநோய் ஆய்வில் அல்ல. தலைப்பிரட்டை தவளையாக மாறும்போது வால் எங்கே போகிறது என்று வியந்த ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியேரும், வால் திசுவின் துண்டுகளைக் கொலாஜன் கூழின்மேல் வைத்துப் பார்த்தார்கள். துண்டுகளைச் சுற்றிக் கூழ் கரைந்து தெளிந்தது. ஆண்டு 1962. இந்தக் கதையை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். இந்த நொதிகள் உடலுக்குப் பகை அல்ல. காயம் ஆறும்போதும் கரு வளரும்போதும் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போதும் இவை இல்லாமல் எதுவும் நடக்காது. வேலை முடிந்ததும் அடங்கிவிடுவதுதான் இவற்றின் இயல்பு. பரவும் மெலனோமாவில் இல்லாமற்போவது அந்த அடக்கம்.

எம்.எம்.பி-1 என்ன செய்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முதலாம் வகைக் கொலாஜன் மூலக்கூறு, மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு. நீளம் சுமார் 300 நானோமீட்டர். இறுகிய முறுக்கின் காரணமாகப் பெரும்பாலான புரதச்சிதைப்பு நொதிகளுக்கு அதில் பல் பதியாது. எம்.எம்.பி-1 அந்தக் கயிற்றை ஒரு முனையிலிருந்து முக்கால் தொலைவில் உள்ள ஒரே ஓர் இடத்தில் பிடித்து, முறுக்கைச் சற்றுத் தளர்த்தி, மூன்று சங்கிலிகளையும் அங்கே வெட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அப்படி அறுந்த முக்கால் துண்டும் கால் துண்டும் உடல் வெப்பநிலையில் தாமாகவே முறுக்கவிழ்ந்து ஜெலட்டினாகிவிடும், ஜெலட்டினை எம்.எம்.பி-2, எம்.எம்.பி-9 ஆகியவை எளிதாகத் தின்றுவிடும். இவ்விரண்டும் அடித்தளச் சவ்வின் நான்காம் வகைக் கொலாஜனையும் தாக்கக்கூடியவை. பரவும் திறன் மிகுந்த புற்றுச் செல்கள் அந்தச் சவ்வுக் கொலாஜனை அதிகம் சிதைக்கின்றன என்பதை லான்ஸ் லியோட்டாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980இல் காட்டிய பிறகுதான் இந்தத் துறையே சூடுபிடித்தது.

இனி உங்கள் முதற்கேள்வி. நொதிகளுக்கான இந்த மரபணுக்கள் மெலனோமா செல்லில் பெரும்பாலும் முழுமையாகவே இருக்கின்றன. எழுத்துப் பிழை ஏதுமின்றி, உங்கள் உடலிலும் என் உடலிலும் உள்ளதைப் போலவே. மாறியிருப்பது அவை படியெடுக்கப்படும் அளவு, அதாவது புரதம் செய்வதற்கான தூது ஆர்.என்.ஏ. என்ற நகல்கள் எடுக்கப்படும் அளவு. ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் புரோமோட்டர் என்ற ஒரு பகுதி உண்டு. படியெடுப்புக் காரணிகள் என்ற புரதங்கள் அங்கே வந்து அமர்ந்தால்தான் மரபணு வேலை செய்யத் தொடங்கும். எம்.எம்.பி-1 மரபணு 11ஆம் குரோமோசோமில் தன் இனத்தைச் சேர்ந்த வேறு பல எம்.எம்.பி மரபணுக்களோடு ஒரே கொத்தாக அமைந்திருக்கிறது. அதன் புரோமோட்டரில், படியெடுப்பு தொடங்கும் புள்ளிக்குச் சுமார் எழுபது டி.என்.ஏ. எழுத்துகள் முன்னால், ‘டிஜிஏஜிடிசிஏ’ என்ற ஏழெழுத்து வரிசை ஒன்று இருக்கிறது. ஃபாஸ், ஜுன் குடும்பத்துப் புரதங்கள் இணைந்து உருவாகும் ஏபி-1 என்ற காரணி வந்து அமரும் இடம் அதுதான். சொல்லப்போனால், ஏபி-1 அமரும் வரிசையை அறிவியல் அடையாளம் கண்டதே 1987இல் இந்த எம்.எம்.பி-1 (கொலாஜனேஸ்) மரபணுவையும் வேறு சில மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான்.

ஏபி-1ஐ எழுப்பிவிடுவது யார்? சாதாரணத் தோலில் அதைச் செய்வது காயம், அழற்சி, புறஊதாக் கதிர். வெயிலில் நெடுநாள் காய்ந்த தோல் சுருங்கித் தளர்வதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, புறஊதாக் கதிர் ஏபி-1 வழியாக எம்.எம்.பி-1ஐத் தூண்டிக் கொலாஜனைக் குறைப்பது என்று 1990களிலேயே காட்டப்பட்டுவிட்டது. மெலனோமாவில் அந்தத் தூண்டல் வெளியிலிருந்து வர வேண்டிய தேவையே இல்லை. ஏறக்குறைய பாதி மெலனோமாக்களில் பி.ராஃப் என்ற புரதத்தின் 600ஆம் இடத்தில் இருக்க வேண்டிய வேலின் என்ற அமினோ அமிலம் வேறொன்றாக, பெரும்பாலும் குளூட்டாமேட்டாக, மாறியிருக்கும். 2002இல் வெளியான கண்டுபிடிப்பு இது. அப்படி மாறிய பி.ராஃப், மேலிருந்து யாரும் ஏவாமலேயே மெக் என்ற நொதியை ஏவுகிறது; மெக், எர்க் என்ற நொதியை ஏவுகிறது; எர்க் செல்லின் உட்கருவுக்குள் சென்று ஃபாஸ் குடும்பத்துப் புரதங்களைப் பெருக்கி நிலைப்படுத்துகிறது; ஏபி-1 ஓயாமல் எம்.எம்.பி-1 புரோமோட்டரில் அமர்ந்திருக்கிறது. வளர்ப்புத் தட்டில் உள்ள இத்தகைய செல்களுக்கு மெக் தடுப்பானைக் கொடுத்தால் எம்.எம்.பி-1இன் தூது ஆர்.என்.ஏ. வெகுவாகக் குறைந்துவிடுவதைப் பல ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன. என் மேசையிலும் அது பலமுறை நடந்திருக்கிறது. ஆகவே கெட்டுப்போனது ஒரு மரபணுதான், ஆனால் அது நொதியின் மரபணு இல்லை. நொதிக்குப் பல படிகள் மேலே அமர்ந்து ஆணையிடும் மரபணு.

இதுவரை சொன்னது உறுதியான நிலம். இங்கிருந்து சற்று நிதானமாக நடக்க வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன கதை மட்டுமே உண்மையானால் நம் உடலில் உள்ள மச்சங்கள் எல்லாம் பரவியிருக்க வேண்டும். சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவை அதே பி.ராஃப் மாற்றத்தைத் தாங்கியவை; ஆனாலும் அவை வாழ்நாள் முழுதும் அதே இடத்தில் அமைதியாக இருக்கின்றன. எனவே ஓயாத ஏவல் மட்டும் போதாது. செல்லின் பிற கட்டுப்பாடுகளும் தளர வேண்டும். பி53 என்ற காவற்புரதம் எம்.எம்.பி-1இன் படியெடுப்பை அடக்குவது ஆய்வகச் செல்களில் தெரிந்த செய்தி. ஸ்டீராய்டு ஹார்மோன்களும் வைட்டமின் ஏ அமிலமும் தம் ஏற்பிகள் வழியாக ஏபி-1இன் கையைக் கட்டிப்போடுகின்றன. மெலனோமா பரவும் நிலைக்கு வரும்போது ஏபி-2 என்ற மற்றொரு காரணி மங்கிப்போவதும், சிரெப் என்ற காரணி தலைதூக்கி எம்.எம்.பி-2ஐக் கூட்டுவதும் எலிகளில் வளர்த்த கட்டிகளில் பதிவாகியிருக்கின்றன. இவற்றுள் எது எந்த நோயாளியிடம் எவ்வளவு பொருட்படுத்தத்தக்கது என்பதற்குப் பொதுவிதி கிடையாது. கட்டிக்குக் கட்டி கலவை மாறுகிறது.

இவற்றைவிட ஆழமானது என்று நான் கருதும் விளக்கம் ஒன்று கடந்த இருபது ஆண்டுகளில் உருப்பெற்றிருக்கிறது. மெலனோசைட்டை மெலனோசைட்டாக வைத்திருக்கும் முதன்மைக் காரணி மிட்ஃப் என்ற புரதம். அது மிகுந்திருக்கும்போது மெலனோமா செல் நிறமியை உண்டாக்கும், பெருகும், ஆனால் அதிகம் நகராது. அது குறைந்திருக்கும்போது டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் கட்டமைப்பு வேறு இடங்களில் திறந்துகொள்கிறது; அங்கே ஏபி-1உம் டீட் என்ற இன்னொரு காரணிக் குடும்பமும் அமர்கின்றன; செல் மெதுவாகப் பெருகினாலும் நீண்டு, நகர்ந்து, சுற்றிலும் உள்ளதை அறுக்கத் தொடங்குகிறது. இங்கே முக்கியமான செய்தி, இது ஒருவழிப் பாதை அன்று என்பது. ஒரே செல், டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துகூட மாறாமல், சூழலுக்கேற்ப இந்த நிலைக்கும் அந்த நிலைக்கும் போய்வர முடியும். ஊடுருவும்போது அறுக்கும் நிலை, போய்ச் சேர்ந்த இடத்தில் பெருகும் நிலை என்று அது மாறிக்கொள்வதாகப் பலர் கருதுகிறார்கள். வளர்ப்புத் தட்டிலும் எலியிலும் இதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. மனித உடலில் ஒரு செல்லைத் தொடர்ந்து பின்பற்றிப் பார்ப்பது கடினமாகையால் அங்கே இது இன்னும் ஊகத்தின் சாயலோடுதான் நிற்கிறது. ஆனால் நீங்கள் படித்த ‘தூண்டப்படுகின்றன’ என்ற சொல்லுக்கு நேரான பொருள் இதுதான்: பழுதல்ல, நிலைமாற்றம்.

எல்லா எம்.எம்.பிக்களையும் ஒரே விசை இயக்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எம்.எம்.பி-1, 3, 9 ஆகியவற்றின் புரோமோட்டர்களில் ஏபி-1 தளம் உண்டு. ஆகவே அவை தூண்டியதும் பாயும். எம்.எம்.பி-2இன் புரோமோட்டரிலும், செல்லின் வெளிச்சவ்விலேயே பொருத்தப்பட்டிருக்கும் எம்.எம்.பி-14இன் புரோமோட்டரிலும் அத்தகைய தளம் அருகில் இல்லை. அவை ஓரளவு எப்போதும் உண்டாகிக்கொண்டே இருக்கும். அப்படியானால் எம்.எம்.பி-2ஐக் கட்டுப்படுத்துவது எது? அது உறங்கும் வடிவில் வெளிவருகிறது. அதன் தலைப்பகுதியில் உள்ள சிஸ்டீன் என்ற ஓர் அமினோ அமிலம், வினைமையத்தின் துத்தநாகத்தை ஒரு மூடியைப்போல் அடைத்துக்கொண்டிருக்கும். அந்த மூடியை அறுத்தால்தான் நொதி விழிக்கும். அறுப்பது எம்.எம்.பி-14. ஆனால் அதற்கு உதவிக்கு வருவது யார் தெரியுமா? டிம்ப்-2, அதாவது எம்.எம்.பிக்களைத் தடுப்பதற்கென்றே உடல் வைத்திருக்கும் புரதம். டிம்ப்-2இன் ஒரு முனை ஓர் எம்.எம்.பி-14ஐக் கவ்விக்கொள்கிறது, மறுமுனை உறங்கும் எம்.எம்.பி-2ஐப் பிடித்துக்கொள்கிறது, பக்கத்தில் கைக்கட்டின்றி நிற்கும் இன்னோர் எம்.எம்.பி-14 மூடியை வெட்டிவிடுகிறது. டிம்ப்-2 அறவே இல்லாத எலிகளில் எம்.எம்.பி-2 சரியாக விழிப்பதே இல்லை. டிம்ப்-2 மிகுந்தாலோ எல்லா எம்.எம்.பி-14களும் அடைபட்டுவிடும். அளவாக இருந்தால் மட்டுமே அறுப்பு நடக்கும். ‘தடுப்பான் கூடுதலாக இருந்தால் நல்லது’ என்று யாராவது எளிமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த மூவர் கூட்டணிதான் நினைவுக்கு வரும்.

மரபணு எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்பதும் நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதும் வேறுவேறு என்பது இதிலிருந்து தெளிவாகும். நாங்கள் நொதியின் வேலையைப் பார்ப்பது சைமோகிராபி என்ற முறையில். ஜெலட்டின் கலந்த ஒரு மெல்லிய கூழ்த் தகட்டில், செல்கள் நீந்திய திரவத்தின் சில துளிகளை இட்டு மின்னோட்டத்தால் பிரித்து, பிரிப்பதற்காகச் சேர்த்த சோப்பு மூலக்கூறுகளைக் கழுவிவிட்டு, கால்சியம் கலந்த கரைசலில் 37 பாகை செல்சியஸில் ஓரிரவு வைப்போம். காலையில் நீலச் சாயம் ஏற்றினால் தகடு முழுதும் ஆழ்ந்த நீலமாகும். நொதி இருந்த இடத்தில் மட்டும் ஜெலட்டின் தின்னப்பட்டிருப்பதால் வெள்ளைப் பட்டை தெரியும். 92 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அளவில் எம்.எம்.பி-9, 72இல் உறங்கும் எம்.எம்.பி-2, அதற்குச் சற்றுக் கீழே விழித்த எம்.எம்.பி-2. உறங்கும் வடிவமும் பட்டையாகத் தெரிவதற்குக் காரணம், இந்த முறையில் புரதம் ஒருமுறை குலைந்து மீண்டும் மடிவதால் அந்த மூடி தளர்ந்துவிடுவதே. என் முதல் ஆண்டில் ஒரு நாள் காலை அழகான 72 பட்டையைப் பார்த்து மெலனோமா செல்கள் எம்.எம்.பி-2ஐக் கொட்டுகின்றன என்று மகிழ்ந்து, ஆய்வகம் முழுதும் தகட்டைக் காட்டிக்கொண்டு திரிந்தேன். செல்லே இல்லாத வெறும் வளர்ப்புத் திரவத்தையும் அருகில் ஓடவிட்டுப் பார் என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். அதிலும் அதே பட்டை. திரவத்தில் கலந்திருந்த கன்றின் இரத்தநீரிலேயே (சீரத்திலேயே) அந்த நொதி இருந்திருக்கிறது. அன்றிலிருந்து செல்களைச் சீரம் இல்லாத திரவத்தில் வைத்த பிறகே எடுக்கிறேன். இதைச் சொல்வது, ‘இன்ன நொதி இவ்வளவு கூடுதல்’ என்ற செய்தியைப் படிக்கும்போது, எதை அளந்தார்கள், ஆர்.என்.ஏ.வையா, புரதத்தையா, உறங்கும் வடிவத்தையா, விழித்ததையா என்று நீங்களும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காக.

இன்னொரு கேள்வியும் அதில் மறைந்திருக்கிறது: நொதியை உண்டாக்கியது எந்தச் செல்? கட்டி என்பது புற்றுச் செல்களின் குவியல் மட்டுமன்று. அதற்குள் கொலாஜன் நார்களை உண்டாக்கும் நார்முன்செல்களும் இரத்த நாளச் செல்களும் மேக்ரோபேஜ்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களும் கலந்திருக்கின்றன. புற்றுச் செல்லின் புறத்தில் உள்ள எம்ப்ரின் என்ற புரதம், அருகில் உள்ள இயல்பான நார்முன்செல்களைத் தூண்டி எம்.எம்.பிக்களைச் சுரக்கச் செய்கிறது. அதாவது பூட்டை உடைப்பவன் திருடனாக இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டுக்காரரையே உள்ளிருந்து கதவைத் திறக்கவைக்க முடியும். இந்த நொதிகளோடு கூடவே யூரோகைனேஸ், பிளாஸ்மின், கெதெப்சின்கள் ஆகிய வேறு புரதச்சிதைப்பு நொதிகளும் தத்தம் பங்கைச் செலுத்துகின்றன. பிளாஸ்மின் சில எம்.எம்.பிக்களின் மூடியை அறுத்துவிடவும் செய்கிறது. மேலும் எம்.எம்.பி-1 வெறும் அறுப்பான் மட்டுமன்று. செல்லின் புறத்தில் உள்ள பி.ஏ.ஆர்-1 என்ற ஏற்பியின் தலையை அது வெட்டும்போது அந்த ஏற்பி விழித்து, செல்லை நகரச் சொல்லிச் சைகை அனுப்புகிறது. மனித மெலனோமா செல்களில் எம்.எம்.பி-1இன் ஆர்.என்.ஏ.வை மட்டும் அடக்கி எலிகளில் செலுத்தியபோது நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது என்று 2007இல் வெளியான ஆய்வு, இந்த நொதி வெறும் அடையாளமாக நிற்காமல் வினையும் புரிகிறது என்பதற்கு நல்ல சான்று. எலி எலிதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இப்போது மருந்துக்கு வருவோம். உங்களுக்குத் தோன்றிய எண்ணம் மருந்து நிறுவனங்களுக்கும் தோன்றியது. துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு எம்.எம்.பிக்களை மொத்தமாக முடக்கும் மாரிமாஸ்டாட் முதலிய மருந்துகள் 1990களில் கணையம், நுரையீரல், மார்பகம் எனப் பல புற்றுநோய்களில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டன. ஏறத்தாழ எல்லாமே தோற்றன. மாரிமாஸ்டாட் எடுத்துக்கொண்டவர்களுக்குத் தோள்களிலும் கைகளிலும் மூட்டு வலியும் இறுக்கமும் வந்து, மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. டானோமாஸ்டாட் என்ற மருந்தின் சோதனையில், சிறுசெல் நுரையீரல் புற்றுநோயாளிகளுள் மருந்து பெற்றவர்கள் மருந்தில்லா ஒப்பீட்டு மாத்திரை பெற்றவர்களைவிட மோசமான நிலையை அடைந்ததால் சோதனையே நிறுத்தப்பட்டது. அந்தத் தலைமுறை மருந்துகளுள் ஒன்றுகூடப் புற்றுநோய்க்கு அங்கீகாரம் பெறவில்லை.

ஏன் தோற்றன என்பதற்குத் தரப்படும் காரணங்களில் சில உறுதியானவை, சில நியாயமான ஊகங்கள். சோதனையில் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு நோய் ஏற்கெனவே பரவி முற்றியிருந்தது. கதவு உடைந்த பிறகு பூட்டு வாங்கிய கதை. இது உறுதி. அறுக்கும் வழி அடைபட்டால் சில புற்றுச் செல்கள் உருண்டை வடிவெடுத்து, அமீபாவைப்போல நார்களுக்கிடையில் நெளிந்து நுழைந்துவிடுகின்றன என்று 2003இல் வளர்ப்புத் திசுவில் படம்பிடித்துக் காட்டினார்கள். இது அந்தச் செல்களில் உறுதி, நோயாளிகளில் எவ்வளவு நடந்தது என்பது ஊகம். மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் அழுத்தமாகப் படுவது: எம்.எம்.பிக்கள் எல்லாமே தீயவை அல்ல. எம்.எம்.பி-8 இல்லாமல் வளர்க்கப்பட்ட ஆண் எலிகளுக்குத் தோல் கட்டிகள் அதிகம் வந்தன. 2009இல் மெலனோமாக் கட்டிகளில் எம்.எம்.பி மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்தவர்கள், அந்த எம்.எம்.பி-8 மரபணுவில் அடிக்கடி பிறழ்வுகளைக் கண்டார்கள். ஆய்ந்து பார்த்த பிறழ்வுகள் நொதியைச் செயலிழக்கச் செய்பவையாக இருந்தன. ஆக, ‘நொதியின் மரபணுவே கெட்டுப்போயிருக்குமா’ என்ற உங்கள் ஐயத்துக்கு மெலனோமாவில் ஒரு நேரடியான ‘ஆம்’ உண்டு; ஆனால் அது நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறான திசையில், காப்பாற்றும் நொதி ஒன்று இழக்கப்படுவதில் இருக்கிறது. எல்லா எம்.எம்.பிக்களையும் ஒன்றாக முடக்கும் மருந்து, இந்த நல்லதையும் சேர்த்தே முடக்குகிறது.

மேலேயுள்ள ஆணையை அடக்குவது வேறு விஷயம். மாறிய பி.ராஃபைக் குறிவைக்கும் வெமுராஃபெனிப் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, இன்று பி.ராஃப் தடுப்பானையும் மெக் தடுப்பானையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். இந்த மருந்துகள் எம்.எம்.பி-1ஐயும் குறைக்கக்கூடியவைதான், ஆனால் அவற்றின் பலன் அதனால் என்று நான் சொல்லமாட்டேன். செல் பெருகுவதையும் உயிர்த்திருப்பதையும் அவை தாக்குவதே முதன்மையான காரணம். பலருக்கு மாதங்கள் அல்லது ஓராண்டுக்குள் எதிர்ப்புத் தோன்றிவிடுவதும் உண்டு. எதிர்ப்புக் கொண்ட செல்களில் ஒரு பகுதி, மேலே சொன்ன மிட்ஃப் குறைந்த, ஏபி-1 மிகுந்த, அறுக்கும் நிலைக்கு மாறியவையாக இருப்பது தற்செயல் அல்ல என்பது என் கருத்து. நோயெதிர்ப்புச் செல்களின் தடையை நீக்கும் மருந்துகள் இந்த நொதிக் கதைக்கு வெளியே நின்று வேலை செய்பவை. அவற்றைப் பற்றி உங்கள் மருத்துவர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கடைசியாக, இரத்தத்தில் எம்.எம்.பி-1 சோதனை. நீங்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் அந்த மரபணுவின் புரோமோட்டரில், தொடக்கப் புள்ளிக்கு 1,607 எழுத்துகள் முன்னால் உள்ள ஒரு வேறுபாடாக இருக்க வேண்டும். சிலருக்கு அங்கே ஒரு ‘ஜி’ எழுத்து, சிலருக்கு அடுத்தடுத்து இரண்டு. இரண்டாவது ‘ஜி’ வரும்போது ஈட்ஸ் குடும்பத்துக் காரணிகள் அமர்வதற்கு ஒரு புதிய இடம் உண்டாகிறது. அதை அடுத்தே இன்னோர் ஏபி-1 தளமும் இருப்பதால் இரண்டும் கைகோத்துப் படியெடுப்பைக் கூட்டுகின்றன என்று 1998இல் நார்முன்செல்களிலும் மெலனோமா செல்களிலும் காட்டினார்கள். செல்லில் காட்டப்பட்ட அந்த விளைவை நான் ஐயப்படவில்லை. ஆனால் இரண்டு ‘ஜி’ வகை பொதுமக்களிடையே மிகப் பரவலானது. நலமாக வாழ்பவர்களில் ஏராளமானோர் அதைத் தாங்கியிருக்கிறார்கள். அதை வைத்துப் புற்றுநோயின் போக்கைக் கணிக்க முயன்ற ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சோதனையின் முடிவு எதுவாக வந்தாலும் உங்கள் அண்ணனின் சிகிச்சையில் ஒரு மாத்திரைகூட மாறாது. எனவே அதற்குப் பணம் செலவிட வேண்டாம் என்பதே என் பரிந்துரை.

அதற்குப் பதிலாக, கையில் உள்ள நோய்க்கூறு அறிக்கையை எடுத்துப் பிரெஸ்லோ ஆழம் எத்தனை மில்லிமீட்டர், மேற்பரப்பில் புண் இருந்ததா, எத்தனை நிணநீர்க் கணுக்களை எடுத்து அவற்றில் எத்தனையில் செல்கள் இருந்தன என்ற மூன்றையும் பாருங்கள். பிறகு, பி.ராஃப் சோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தச் சோதனைக்குப் பெரும்பாலும் புதிதாக எதையும் அறுத்தெடுக்க வேண்டியதில்லை. முதுகிலிருந்தோ கணுவிலிருந்தோ எடுத்து மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருக்கும் திசுவே போதும், ஏனென்றால் அந்த மாற்றம் பிறப்போடு வந்ததல்ல, கட்டியின் செல்களில் மட்டும் பின்னால் தோன்றியது. அதன் முடிவு கையில் வந்ததும் எழுதுங்கள். எர்க் பாதையைப் பற்றி நான் மேலே சொன்னவற்றுள் எவை உங்கள் அண்ணனுக்குப் பொருந்தும், எவை பொருந்தாது என்று அதை வைத்து இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும்.